பேட்டரி பதினொன்றரைக்கே நிரம்பிவிடுகிறது, மீதி வெயிலை என்ன செய்வது?

மேட்டுக்காட்டான்

எல்லோருக்கும் வணக்கம். ஒட்டன்சத்திரம் பக்கம் தோட்டத்துக்குள் வீடு. மின்கம்பம் வெகு தூரத்தில் நின்றுவிட்டதால் மூன்று வருஷமாக முழுக்க சோலார்தான். 335 வாட் பேனல் ஆறு, 24 வோல்ட் அமைப்பு, 150 ஏஎச் (ஆம்ப்-அவர்) டியூபுலர் லெட் ஆசிட் பேட்டரி நான்கு, பேட்டரிக்குப் போகும் சார்ஜை அளந்து விடும் 60 ஆம்ப் எம்பிபிடி கன்ட்ரோலர், உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் வைத்த 3 கேவிஏ இன்வெர்ட்டர். ராத்திரிக்கு ஃபிரிட்ஜ், மூன்று ஃபேன், விளக்கு, டிவி எல்லாம் சேர்த்து 2 யூனிட் ஆகும். பகலில் ஒன்றரை யூனிட்.

மாசி பங்குனி வெயிலில் காலை பதினொன்றரைக்கே கன்ட்ரோலரில் பச்சை விளக்கு வந்துவிடுகிறது. அதற்கு அப்புறம் திரையில் 200, 250 வாட்தான் காட்டுகிறது. கூரை மேல் 2000 வாட் பேனல் சும்மா காய்கிறது. கைக்காசு போட்டு வாங்கியது, பார்க்கும்போதெல்லாம் மனசு அடித்துக்கொள்கிறது.

இந்த மீதி மின்சாரம் எங்கேயும் போக வழியில்லாமல் பேனலையோ கன்ட்ரோலரையோ கெடுக்குமா? வெளிநாட்டு வீடியோக்களில் எல்லாரும் பேட்டரி நிரம்பியதும் கெய்சருக்குத் திருப்பி விடுகிறார்கள். அதையே நானும் செய்யலாமா? செய்தவர்கள் சொல்லுங்கள்.

கம்பிவேலை

முதல் கேள்விக்குப் பதில்: கெடுக்காது, கவலையை விடுங்கள். காற்றாலை வைத்தவர்களுக்குத்தான் அந்தப் பயம் வேண்டும். சுமை இல்லாவிட்டால் இறக்கை கட்டுக்கடங்காமல் சுற்றும், அதனால் மீதியை எரித்தே ஆக வேண்டும். பேனலில் அப்படி எதுவும் இல்லை. பேட்டரி நிரம்பியதும் கன்ட்ரோலர் பேனலிடம் கேட்பதைக் குறைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். கேட்காத மின்சாரம் உற்பத்தியே ஆவதில்லை. பேனல் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும், வேறு ஒன்றும் ஆகாது.

எவ்வளவு மீதி என்று முதலில் கணக்குப் போடுவோம். நம் ஊரில் 1 கிலோவாட் பேனலுக்கு வருஷச் சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் என்று வைக்கலாம். உங்களுக்கு 8. ராத்திரி எடுத்த 2 யூனிட்டைத் திருப்பி நிரப்ப டியூபுலருக்கு இரண்டரை ஆகும். பகல் செலவு ஒன்றரை. ஆக மீதி 4 யூனிட். இதைச் சின்னதாக நினைக்காதீர்கள், உங்கள் வீட்டின் ஒரு நாள் மொத்தச் செலவுக்குச் சமம்.

இன்னொன்று, பச்சை விளக்கு வந்த பிறகுதான் மீதி என்று இல்லை. இரண்டிரண்டாகத் தொடரில் போட்டால் 24 வோல்ட்டில் உங்கள் பேட்டரி 300 ஏஎச். சார்ஜ் கரன்டை 30 ஆம்ப் என்று வைத்திருந்தால் பேட்டரி 800 வாட்டுக்கு மேல் வாங்காது. பத்து மணிக்கு பேனலால் 1300, 1400 வாட் தர முடியும். அப்போதே 500, 600 வாட் மிச்சம்தான்.

மலைக்காற்று

நான் கோத்தகிரி. இங்கே கெய்சர் முறை நன்றாகவே உழைக்கிறது. தை மாதத்தில் தொட்டித் தண்ணீர் 15 டிகிரிக்கு வந்துவிடும். 100 லிட்டரை 30 டிகிரி ஏற்ற மூன்றரை யூனிட் பிடிக்கும். வீட்டில் நான்கு பேர் சாயங்காலம் குளிக்க அது போதும். முன்பு விறகு அடுப்பு, இப்போது அந்தப் புகை இல்லை.

ஆனால் நான் செய்த ஒரு தப்பை நீங்கள் செய்யக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். ஆரம்பத்தில் இன்வெர்ட்டர் எதற்கு என்று மூன்று பேனலைத் தொடராக இணைத்து நேரே கெய்சர் ஹீட்டருக்குக் கொடுத்தேன். சாதாரண கெய்சரில், சூடு ஏறியதும் நிறுத்த இருக்கும் தெர்மோஸ்டாட் ஏசிக்கு மட்டும் செய்தது. ஏசி ஒரு நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுப் போகும், அதனால் சுவிட்ச் பிரியும்போது வரும் பொறி தானே அணைந்துவிடும். டிசி அப்படி இல்லை, பொறி நின்று எரியும். எனக்கு ஒரு மத்தியானம் தெர்மோஸ்டாட் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டன. தண்ணீர் கொதிக்க ஆரம்பித்துவிட்டது. பிரஷர் வால்வு சரியாக வேலை செய்ததால் குளியலறைச் சுவரோடு போயிற்று. என் மகள் ஐந்து நிமிஷத்துக்கு முன்தான் அங்கிருந்து வந்திருந்தாள். இன்றைக்கும் நினைத்தால் உடம்பு நடுங்குகிறது.

தயவுசெய்து பேனல் டிசியை ஏசி சுவிட்ச், ஏசி தெர்மோஸ்டாட், ஏசி எம்சிபி (டிரிப் சுவிட்ச்) எதன் வழியாகவும் விடாதீர்கள். இன்வெர்ட்டர் வழியே ஏசியாக மாற்றிக் கொடுங்கள்.

கம்பிவேலை

மலைக்காற்று சொன்னதை நான் அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். ஆபத்து மட்டும் இல்லை, நேரடி இணைப்பில் லாபமும் கிடையாது. 2000 வாட் கெய்சர் ஹீட்டரின் தடை 26 ஓம் சொச்சம். வோல்ட் பாதியானால் சக்தி கால்வாசி. 230க்குப் பதில் 115 வோல்ட் வந்தால் 500 வாட்தான். மேகம் வந்து கரன்ட் குறைந்தால் பேனல் வோல்ட்டும் சேர்ந்து படுத்துவிடும், கிடைக்கக்கூடியதில் பாதிகூட வராது.

நீலாம்பரி

கரூரிலிருந்து எழுதுகிறேன். மலைக்காற்று அண்ணனுக்கு அது பொருந்துகிறது, சந்தோஷம். ஆனால் சமவெளியில் இருப்பவர்கள் கெய்சர் வாங்குவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும்.

மீதி மின்சாரம் எப்போது வருகிறது? மாசியிலிருந்து வைகாசி வரை. அந்த மாதங்களில் எங்கள் மாடித் தொட்டிக் குழாயைத் திறந்தால் கை வைக்க முடியாது. பிள்ளைகளைக் குளிப்பாட்ட முந்தின நாளே பக்கெட்டில் பிடித்து ஆற வைக்கிறோம். வெந்நீர் வேண்டியது ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். ஐப்பசி அடைமழையில் மூன்று நாள் சூரியனே தெரியாது, பேட்டரியே நிரம்பாது, மீதிக்கு எங்கே போவது? குளிர்நாட்டுக்காரர்கள் வருஷம் முழுக்க வெந்நீர் புழங்குகிறவர்கள். அவர்களுக்குச் சரியானதை நாம் அப்படியே எடுத்துக்கொண்டு பணம் போட வேண்டாம்.

நமக்கு வெயில் காலத்தில் என்ன தேவை? தண்ணீர், குளிர்ச்சி, வீட்டு வேலை. மீதியை அங்கேதான் திருப்ப வேண்டும் என்பது என் அனுபவம்.

நான் என்ன செய்கிறேன் என்றால், இட்லி மாவு அரைப்பதை ராத்திரியிலிருந்து மத்தியானத்துக்கு மாற்றினேன். கிரைண்டர் 150 வாட்தான், ஆனால் ஒரு மணி நேரம் ஓடும். துணி துவைப்பதும் இஸ்திரி போடுவதும் பன்னிரண்டுக்கு மேல். மத்தியானச் சோறும் பருப்பும் இண்டக்‌ஷன் அடுப்பில். இஸ்திரிப் பெட்டியும் இண்டக்‌ஷனும் மட்டும் ஒரே நேரத்தில் ஓடக்கூடாது என்று வீட்டில் ஒரு கட்டுப்பாடு. சிலிண்டர் முன்பு 40 நாள் வரும், இப்போது 60 நாளைத் தாண்டுகிறது.

குளிர்ச்சிக்கு ஒரு வழி சொல்கிறேன். ஃபிரிட்ஜின் ஃபிரீசரில் ஒரு லிட்டர் பாட்டிலில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி ஆறு பாட்டில் அடுக்கிவிடுங்கள். பகலில் ஃபிரிட்ஜை அதிகக் குளிரில் வையுங்கள், சாயங்காலம் குறைத்துவிடுங்கள். ஒரு கிலோ பனிக்கட்டி உருக 334 கிலோஜூல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். ராத்திரி கம்ப்ரசர் ஓடும் நேரம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குறைகிறது. இதுவும் பேட்டரிதான், தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஆசிட் இல்லை.

மேட்டுக்காட்டான்

நீலாம்பரி அக்கா, நீங்கள் சொன்னதும்தான் எனக்கு உறைத்தது. இங்கேயும் சித்திரையில் யாரும் வெந்நீரைத் தொடுவதில்லை. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "இத்தனை நாளா ராத்திரி எட்டு மணிக்கு மாவாட்டிட்டு இருந்தமே" என்றார். நாளையிலிருந்து பச்சை விளக்கு வந்ததும் கிரைண்டர் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் வீட்டு வேலை எல்லாம் சேர்த்தாலும் ஒன்று, ஒன்றரை யூனிட்தான் ஆகும் போல. மீதி? தோட்டத்தில் 70 தென்னை இருக்கிறது. சொட்டு நீர்க்குழாய் போட்டிருக்கிறேன். போர் 1 எச்பி, தண்ணீர் 200 அடியில். இப்போது டீசல் ஜெனரேட்டர் வைத்து வாரத்துக்கு இரண்டு முறை ஓட்டுகிறேன்.

கம்பிவேலை

இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் நான் வேறு எதையும் பேசியிருக்க மாட்டேன், தம்பி! உங்கள் மீதி மின்சாரத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

200 அடி என்றால் 60 மீட்டர். ஆயிரம் லிட்டரை 60 மீட்டர் தூக்கத் தேவையான சுத்தமான சக்தி 0.16 யூனிட். சின்ன நீர்மூழ்கி மோட்டாரும் பம்பும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்குதான் உருப்படியாகத் தரும், ஆக ஆயிரம் லிட்டருக்கு அரை யூனிட். உங்கள் 4 யூனிட்டில் 8000 லிட்டர். வீட்டு வேலைக்கு ஒரு யூனிட் ஒதுக்கினாலும் 6000. ஒரு தென்னைக்கு 80 லிட்டர் என்றால் 70 மரத்துக்கு 5600. கணக்கு தைத்து வைத்த மாதிரி பொருந்துகிறது. மரத்துக்குத் தாகம் எடுக்கும் மாதமும் மீதி வரும் மாதமும் ஒன்றே. மேகம் போட்ட நாளில் மீதி இருக்காது, மரமும் அவ்வளவு கேட்காது.

1 எச்பி மோட்டார் ஓடும்போது 1100 வாட் எடுக்கும். நடு மத்தியானம் உங்கள் பேனல் சூட்டிலும் 1400, 1500 தரும். பேட்டரியைத் தொடாமலே ஓட்டலாம். சிக்கல் ஸ்டார்ட் ஆகும் நொடியில்தான், மூன்று முதல் ஐந்து மடங்கு கரன்ட் இழுக்கும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த இன்வெர்ட்டர் என்பதால் தாங்க வாய்ப்பு உண்டு. ஒரு முறை நின்று பார்த்து ஓட்டிப் பாருங்கள். டிரிப் ஆனால் விடாப்பிடியாகப் போடாதீர்கள். மெதுவாகக் கிளப்ப விஎஃப்டி வைக்கலாம், ஆனால் அதற்கு மோட்டாரை த்ரீ ஃபேஸுக்கு மாற்ற வேண்டும். கண்டென்சர் வைத்த சிங்கிள் ஃபேஸ் மோட்டாரோடு அது ஒத்துவராது.

ஏரிக்கரை

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு ஒரு கவலை. டீசல் காசு கொடுத்து ஓட்டும்போது அளவாக ஓட்டுவோம். சும்மா கிடைக்கிறது என்று தினம் மூன்று மணி நேரம் ஓட்டினால் நிலத்தடி நீர் என்ன ஆகும்? எங்கள் ஊரில் 300 அடியில் இருந்த தண்ணீர் 900 அடிக்குப் போனதை நான் கண்ணால் பார்த்தவன். பேனல் மின்சாரம் மறுநாள் திரும்ப வரும், போர்த் தண்ணீர் அப்படி வராது.

மேட்டுக்காட்டான்

ஏரிக்கரை ஐயா, நியாயமான பேச்சு. நான் யோசித்து வைத்திருப்பது இது: பேட்டரி நிரம்பியதும் மோட்டாரைத் தானாகப் போட ஒரு ரிலே வைப்பேன். மரத்துக்கு 80 லிட்டர் என்ற அளவைத் தாண்டமாட்டேன். 6000 லிட்டர் தொட்டி ஒன்று கட்டி, அது நிறைந்தால் மோட்டார் அன்றைக்கு நின்றுவிடும். மட்டையையும் உரிமட்டையையும் மரத்தடியில் பரப்பினால் ஆவியாவது குறையும். மழைக்காலத்தில் கூரைத் தண்ணீரைப் போர் பக்கத்துக் குழிக்கு விட ஏற்பாடு ஏற்கனவே உண்டு. போரில் மட்டத்தை மாதம் ஒரு முறை கயிறு விட்டு அளந்து எழுதி வைக்கிறேன். இறங்கினால் நிறுத்துவேன்.

வலிகாமம்

யாழ்ப்பாணத்திலிருந்து. எங்கட வீட்டுக் கிணற்றில் தண்ணி இருபது அடியில்தான், அரைக் குதிரைவலு மோட்டர் போதும். எனக்கும் இதே கேள்வி வேறு விதமாக வந்தது. பற்றரி இல்லாமல் மின் வலையமைப்போடு சேர்ந்த கூரைச் சோலார்தான் இங்கே பலரிடம் இருக்கிறது, என்னிடமும் அதுதான். மீதியை மின்சார சபை எடுத்துக்கொள்ளும், நமக்கு என்ன கவலை என்று இருந்தேன்.

2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பகல் நேரத்தில் கூரைச் சோலாரை நிறுத்தி வைக்கும்படி வீட்டுக்காரரிடம் கேட்டார்கள். தொழிற்சாலை, அலுவலகம் எல்லாம் மூடி நாட்டின் தேவை குறைந்த நேரம், வெயிலோ உச்சம். வலையமைப்பு நிலை குலையக்கூடாது என்பதற்காகக் கேட்டது. அதன் அவசியம் எனக்கு விளங்கியது. அப்போதுதான், மீதியை வெளியே அனுப்பலாம் என்றாலும் உள்ளேயே பயன்படுத்த ஒரு வழி வைத்திருப்பது நல்லது என்று தோன்றியது. இப்போது பத்து மணிக்குப் பிறகு கிணற்று மோட்டரால் மேல் தாங்கியில் 2000 லீற்றர் ஏற்றி, பின்னேரம் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் குழாயால் விடுகிறேன். முன்பு விடியப்புறம் மோட்டர் போடுவோம். நேரத்தை மாற்றியதுதான், வேறு செலவில்லை.

கோவைக்காரன்

எனக்கு வீட்டில் கிரிட் (மின்வாரிய லைன்) இருக்கிறது, 3 கிலோவாட் போடப் போகிறேன். நானும் இப்படி ரிலே எல்லாம் வைக்க வேண்டுமா?

கம்பிவேலை

வேண்டாம். நெட் மீட்டர் வாங்கிவிடுங்கள். வீட்டில் செலவானது போக மீதி லைனுக்குப் போய் பில்லில் கழியும். பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் உண்டு. ஆனால் ஒன்று, பேட்டரி இல்லாத அமைப்பு கரன்ட் போனால் வெயில் அடித்தாலும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்கிறவர் உயிருக்காக வைத்த பாதுகாப்பு அது. பவர்கட்டிலும் ஓட வேண்டும் என்றால் லைனோடு பேட்டரியும் சேர்ந்த ஹைபிரிட் கேளுங்கள்.

மேட்டுக்காட்டான், உங்கள் ரிலேவுக்கு வருவோம். பேட்டரி வோல்ட்டைப் பார்த்து ஆன் ஆகும் வோல்டேஜ் ரிலே ஒன்று, அது இழுக்கும் காண்டாக்டர் (பெரிய கரன்டைத் தாங்கும் சுவிட்ச்) ஒன்று, காண்டாக்டர் வழியே மோட்டார். 28.4 வோல்ட் பத்து நிமிஷம் நின்றால் ஆன். 26 வோல்ட்டுக்குக் கீழே இரண்டு நிமிஷம் இருந்தால் ஆஃப். நிறைந்த 24 வோல்ட் பேட்டரி ஓய்வில் 25.5க்கு மேல் காட்டாது, அதனால் 26க்கு மேல் இருக்கும்வரை பேனல்தான் கொடுக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனுக்கும் ஆஃபுக்கும் நடுவே இந்த இடைவெளி கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் மோட்டார் ஓடும், வோல்ட் இறங்கும், நிற்கும், ஏறும், மறுபடி ஓடும். அரை மணியில் கண்டென்சர் போய்விடும். இரண்டு நிமிஷத் தாமதம், ஸ்டார்ட் ஆகும்போது வோல்ட் குழியில் விழுவதைப் பொருட்படுத்தாமல் இருக்க.

போரில் தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்தும் டிரை ரன் காவலையும் விட்டுவிடாதீர்கள்.

சிற்றகல்

லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்கள் இந்த வோல்ட் எண்களை எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரியில் 30 சதவீதத்துக்கும் 90 சதவீதத்துக்கும் வோல்ட் வித்தியாசம் மிகக் கொஞ்சம்தான். பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் பலகை) அல்லது ஷன்ட் (கரன்ட் அளக்கும் கருவி) சொல்லும் சதவீதத்தை வைத்து ரிலேவை ஓட்டுங்கள். நான் 95க்கு ஆன், 85க்கு ஆஃப் வைத்திருக்கிறேன்.

மேட்டுக்காட்டான் (ஐந்து வாரம் கழித்து)

நடந்ததைச் சொல்ல வந்தேன். பங்குனியில் ரிலே மாட்டினோம். மோட்டார் கிளம்பும்போது விளக்கு ஒரு முறை மங்கும், ஆனால் இன்வெர்ட்டர் டிரிப் ஆகவில்லை. இரண்டு வாரம் அருமையாக ஓடியது. டீசல் வாங்கவே இல்லை.

சித்திரை பிறந்ததும் ரிலே ஆன் ஆவதே நின்றுவிட்டது. கொளுத்தும் வெயில், பச்சை விளக்கு எரிகிறது, மோட்டார் மட்டும் அசையவில்லை. ரிலே கெட்டுவிட்டதென்று கழற்றிச் சோதித்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. மீட்டர் வைத்துப் பார்த்தால் வோல்ட் 28.0 தாண்டவே மாட்டேன் என்கிறது. பேட்டரி போய்விட்டதா?

கம்பிவேலை

பேட்டரி வைத்திருக்கும் இடத்தில் சூடு எவ்வளவு? கன்ட்ரோலரிலிருந்து ஒரு சின்ன வயர் பேட்டரிக்குப் போகிறதா?

மேட்டுக்காட்டான்

ஆமாம் அண்ணா, போகிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மத்தியானம் 42 டிகிரி.

கம்பிவேலை

அதுதான் விஷயம். பேட்டரி நன்றாக இருக்கிறது. தப்பு என்னுடையது, வெப்பநிலையைக் கேட்காமல் எண் கொடுத்துவிட்டேன்.

அந்த வயர் வெப்ப உணரி. பேட்டரி சூடானால் சார்ஜ் வோல்ட்டைக் கன்ட்ரோலர் தானே குறைக்கும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் வாயுவாகிக் குறைந்துபோகும். ஒரு செல்லுக்கு ஒரு டிகிரிக்கு 4 மில்லிவோல்ட் என்று வைத்தால், 12 செல், 25க்கு மேல் 17 டிகிரி, மொத்தம் 0.8 வோல்ட். 28.8 என்று இருந்தது 28.0 ஆகிவிட்டது. நம் ரிலே 28.4க்குக் காத்துக்கொண்டிருக்கிறது, அது வரவே வராது.

ரிலே ஆன் ஆகும் வோல்ட்டை 27.6க்கு இறக்குங்கள். ஆனால் பத்து நிமிஷத்தை ஒன்றரை மணி நேரமாக்குங்கள். அப்போது பேட்டரி கடைசிச் சொட்டை வாங்கி முடித்த பிறகுதான் மோட்டார் ஓடும். லெட் ஆசிட்டை தினம் அரைகுறையாக விட்டால் தட்டில் சல்ஃபேட் படியும், தென்னைக்கு ஊற்றிய லாபம் பேட்டரியில் போய்விடும். வாரம் ஒரு நாள் மோட்டாரை அணைத்து முழு சார்ஜ் கொடுத்து, ஹைட்ரோமீட்டரில் (ஆசிட் அடர்த்தி அளக்கும் கருவி) ஆறிய பிறகு 1.240 வருகிறதா என்று பாருங்கள்.

பேட்டரி மேல் அந்த ஆஸ்பெஸ்டாஸுக்குக் கீற்று வேயுங்கள். பத்து டிகிரி கூடினால் பேட்டரி ஆயுள் பாதி என்பது தொழிலில் எல்லாரும் சொல்வது.

மலைக்காற்று

எங்கள் குளிரில் இது எதிர்ப்பக்கம் நடக்கிறது. மார்கழியில் வோல்ட் 29ஐத் தாண்டுகிறது. ஏன் என்று இன்றைக்குத்தான் புரிந்தது, நன்றி.

மேட்டுக்காட்டான்

மாற்றிவிட்டேன். நேற்றும் இன்றும் பன்னிரண்டரைக்கு மோட்டார் தானாகக் கிளம்பியது. மூன்றே கால் வரை ஓடியது. தொட்டி நிறைய நாலு விரல் குறை. சாயங்காலம் வால்வைத் திறந்துவிட்டு மரத்தடியில் நின்றிருந்தேன். கீற்று முடைய ஆள் சொல்லியாயிற்று. போர் மட்டம் போன மாதம் எழுதிய அதே அளவில் இருக்கிறது, ஏரிக்கரை ஐயாவுக்காகச் சொல்கிறேன்.

இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது. தொட்டி நிறைந்ததும் நிறுத்த மிதவை சுவிட்ச் வைக்க வேண்டும். தொட்டிக்கும் இன்வெர்ட்டர் அறைக்கும் 120 மீட்டர். அதை நேரே மோட்டார் லைனில் போடுவதா, காண்டாக்டரை இழுக்கும் காயிலுக்கு மெல்லிய வயரில் கொண்டு வருவதா?

கம்பிவேலை

காயிலுக்குத்தான். இரண்டு கோர், 1 சதுர மில்லி போதும், பிவிசி குழாய்க்குள் விட்டுப் புதைத்துவிடுங்கள். மோட்டார் கரன்டை மிதவை சுவிட்ச் வழியே விடாதீர்கள். தண்ணீருக்குள் 230 வோல்ட் தொங்குவதும் வேண்டாம், 24 வோல்ட் டிசி காயில் உள்ள காண்டாக்டராகக் கேட்டு வாங்குங்கள். உங்கள் ரிலேவும் அதே பேட்டரியில்தானே இருக்கிறது. காயில் லைனில் ஒரு 2 ஆம்ப் ஃபியூஸ் போட்டுவிடுங்கள்.